ஒரே சிப்பில் பல வாடகைக்காரர்கள்: டிஜிட்டல் அடையாளம் வருமுன் நாம் கேட்க மறந்த கேள்வி

டிஜிட்டல் அடையாள அட்டை பற்றி எமது ஊர்களில் பேச்சு எழும்போதெல்லாம் இரண்டு கேள்விகளே திரும்பத் திரும்ப வருகின்றன. "எங்கட தகவல் எல்லாம் இந்தியாவுக்குப் போயிடுமா?" என்பது ஒன்று. "பெண்களின் முகத்தையும் கண்ணையும் யார் படம் பிடிப்பது?" என்பது மற்றது. இரண்டும் நியாயமானவை. உக்குவளையிலும் கலேவெலயிலும் வறக்காமுறையிலும் ஜும்ஆ முடிந்து பள்ளி வாசலில் நிற்பவர்கள் இவற்றைக் கேட்பதில் தவறேதும் இல்லை.

ஆனால் மூன்றாவது கேள்வி ஒன்று இருக்கிறது. அதை எவரும் கேட்பதாகத் தெரியவில்லை. இந்த அடையாளம் அட்டையாக வந்தாலும் சரி, கைபேசிக்குள் செயலியாக வந்தாலும் சரி, கடைசியில் நகக்கண் அளவுள்ள ஒரு சிப்பில்தான் வந்து உட்காரப் போகிறது. அந்தச் சிப்பில் அது தனியாக இருக்கப்போவதில்லை. வங்கியின் மென்பொருள், தொலைபேசி நிறுவனத்தின் மென்பொருள், கைபேசியைச் செய்தவரின் மென்பொருள், நாம் விரும்பி இறக்கிக்கொண்ட செயலிகள் என ஒருவரை ஒருவர் நம்பாத பலரும் அதே வீட்டில் குடியிருக்கப் போகிறார்கள். அந்த வீட்டின் சாவி யார் கையில்?

இது பொறியியலாளர்களின் விடயம், நமக்கென்ன என்று கடந்துபோக முடியாது. ஏன் என்பதைச் சொல்வதற்கு முன், திட்டம் எங்கே நிற்கிறது என்று சுருக்கமாகப் பார்ப்போம்.

1968 ஆம் ஆண்டின் 32 ஆம் இலக்க ஆட்களைப் பதிவு செய்தல் சட்டத்தின் கீழ்தான் எமது தேசிய அடையாள அட்டை வந்தது. 2016 இல் இலக்கம் 12 இலக்கங்களாக மாறியது. 2017 ஒக்டோபரில் புதிய வடிவ அட்டை வந்தது. அடுத்த கட்டம்தான் தனித்துவ டிஜிட்டல் அடையாளத் திட்டம். முகம், கருவிழி, கைரேகை மூன்றையும் பதிவு செய்யும் திட்டம் இது. 2022 மார்ச்சில் இந்தியாவுடன் புரிந்துணர்வு உடன்படிக்கை கைச்சாத்தானது. 2023 ஓகஸ்டில் முற்பணமாக 450 மில்லியன் இந்திய ரூபாவை இந்தியா கையளித்தது. அது மொத்த உதவியில் 15 சதவீதம். பெங்களூரில் உருவான, மொசிப் என்ற திறந்த மூல மென்பொருளை அடித்தளமாகக் கொள்வதே இலங்கையின் ஏற்பாடு. மொரோக்கோ, பிலிப்பைன்ஸ், எத்தியோப்பியா போன்ற நாடுகளும் அதையே எடுத்திருக்கின்றன. திறந்த மூலம் என்பதால் அதன் உள்ளே என்ன இருக்கிறது என்று எவரும் பார்க்கலாம். அது நல்ல விடயம். ஆனால் அது சேவையகத்தில் ஓடும் மென்பொருள். எமது சட்டைப் பையில் இருக்கும் சிப்பில் யார் யார் இருக்கிறார்கள் என்பதற்கு அது பதில் சொல்லாது.

மாத்தளை திருகோணமலை வீதியில் சுவரோடு சுவர் ஒட்டிய பழைய கடை வரிசைகளைப் பார்த்திருப்பீர்கள். ஒரே கூரை, ஒரே பீலி, ஒரே பொதுச் சுவர். ஒரு கடையில் துணி, அடுத்ததில் மிளகும் கராம்பும், அதற்கடுத்ததில் நகை. மூவரும் ஒருவரோடொருவர் ஸலாம் சொல்லிக்கொள்வார்கள். ஆனால் நகைக்கடைக்காரர் தன் பெட்டகச் சாவியைப் பக்கத்துக் கடைக்காரரிடம் கொடுப்பதில்லை. கட்டடச் சொந்தக்காரரிடமும் கொடுப்பதில்லை. கைபேசிக்குள் நடப்பதும் இதுதான். செயலிகள் பல, செயலி இயங்கும் சிப் ஒன்று. நினைவகம் ஒன்று. கமரா ஒன்று, மைக் ஒன்று, இடங்காட்டி ஒன்று. ஒரு செயலியின் நினைவகத்தை இன்னொரு செயலி பார்க்காதபடி சிப்பே சுவர் எழுப்புகிறது. எந்தச் சுவர் எங்கே என்பதை இயங்குதளம் தீர்மானிக்கிறது. அப்படியானால் இயங்குதளம்தான் வீட்டுக்காரர். வீட்டுக்காரரே திருடனாக மாறினால்?

இந்தக் கேள்விக்குக் கிடைத்த விடைகளில் ஒன்று, சிப்புக்குள்ளேயே ஒரு உள்ளறை கட்டுவது. பெரும்பாலான கைபேசிச் சிப்புகளின் வடிவமைப்புக்குச் சொந்தமான ஆர்ம் நிறுவனம் இதை ட்ரஸ்ட்சோன் என்ற பெயரில் கொண்டுவந்தது. ஒரே சிப் இரண்டு உலகங்களாகப் பிரிகிறது. சாதாரண உலகில் வட்ஸ்அப்பும் யூடியூப்பும் ஓடும். பாதுகாப்பான உலகில் கைரேகை ஒப்பீடு, இரகசியச் சாவிகள் போன்றவை இருக்கும். அன்ட்ரொயிட் இயங்குதளமே கெட்டுப்போனாலும் உள்ளறை கெடக்கூடாது என்பது எண்ணம். அப்பிள் 2013 இல் ஐபோன் 5எஸ் உடன் இதற்கெனத் தனியான ஒரு பகுதியையே சிப்பில் வைத்தது. வங்கி அட்டைகளிலும் சிம்களிலும் இருப்பது இன்னும் இறுக்கமான வகை. அங்கே சிப்பே ஒரு பெட்டகம்.

அந்தப் பெட்டகத்தைப் பலர் பகிர்ந்துகொள்ளும் முறை சுவாரசியமானது. 1990களின் நடுப்பகுதி வரை ஓர் அட்டை என்றால் ஒரு வேலைதான். 1996 இல் ஜாவா கார்ட் வந்தது. ஒரே அட்டையில் பல சிறு மென்பொருள்கள் இருக்கலாம், அவற்றுக்கிடையே தடுப்புச் சுவரும் இருக்கும் என்றானது. 1999 இல் உருவான குளோபல்பிளட்ஃபோர்ம் என்ற அமைப்பு, யாருக்கு எந்த அறை என்பதற்கு விதி எழுதியது. அதன்படி அட்டையை வெளியிட்டவருக்கு ஒரு பிரதான அறை உண்டு. மற்ற ஒவ்வொரு நிறுவனத்துக்கும் தனித்தனி அறை, தனித்தனிச் சாவி. ஆரம்பத்தில் ஒரு சிக்கல் இருந்தது. அறையைத் திறந்து கொடுப்பவர் வீட்டுக்காரர்தானே, முதல் சாவி அவர் கையால்தானே வருகிறது? வங்கியின் சாவியைத் தொலைபேசி நிறுவனம் ஒரு கணமேனும் பார்த்துவிட்டால் வங்கி எப்படி நம்பும்? இதற்குப் பின்னால் வந்த விதி அழகானது. வீட்டுக்காரரும் அல்லாத, வாடகைக்காரரும் அல்லாத, இருவரும் ஏற்றுக்கொண்ட மூன்றாம் தரப்பு ஒன்று சிப்பில் முன்கூட்டியே இடம்பெறும். புதிய வாடகைக்காரர் அந்த மூன்றாம் தரப்பின் துணையோடு வீட்டுக்காரரின் கண்ணில் படாமல் தன் சாவியைத் தானே மாற்றிக்கொள்வார். வீட்டுக்காரர் இடத்தைக் கொடுக்கலாம், வேண்டுமானால் திரும்பப் பெறலாம். உள்ளே இருப்பதைப் பார்க்க முடியாது.

இதை வாசிக்கும் எமது பள்ளிவாசல் நிர்வாகிகளுக்கு இது புதிதாக இருக்காது. வக்பு சொத்தின் நம்பிக்கையாளர் சொத்தைப் பராமரிப்பார், சொந்தமாக்கிக்கொள்ள மாட்டார். அமானிதம் என்ற சொல்லுக்குப் பின்னால் இருப்பது இதே எண்ணம்தான். சிப்பில் அதைக் கணிதத்தால் கட்டாயப்படுத்துகிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

விதி இருந்தால் போதுமா? சண்டை தொடங்கியதே அதற்குப் பிறகுதான். கைபேசியைக் காட்டிப் பணம் செலுத்தும் முறை அமெரிக்காவில் வந்தபோது, அங்குள்ள மூன்று பெரிய தொலைபேசி நிறுவனங்களான வெரைசன், ஏடி அண்ட் டி, டி-மொபைல் ஆகியவை 2010 இல் கூட்டாக ஒரு நிறுவனம் தொடங்கின. அதே வேலைக்கு கூகிள் 2011 இல் தன் பணப்பைச் செயலியைக் கொண்டுவந்தபோது, பெட்டகச் சிப்பைப் பயன்படுத்த வேண்டியிருக்கிறது என்று காரணம் காட்டி வெரைசன் அதைத் தன் கைபேசியில் அனுமதிக்கவில்லை. சாவி தன் கையில் என்பதுதான் அதன் சாரம். கூகிள் 2013 இல் பெட்டகச் சிப்பே வேண்டாம் என்று மென்பொருளாலேயே அட்டையைப் போல நடிக்கும் முறைக்குப் போய்விட்டது. மூன்று நிறுவனங்களின் கூட்டு 2015 இல் கடையை மூடியது. அந்தக் கூட்டின் முதல் பெயர் ஐசிஸ் என்பதும், 2014 இல் அந்தப் பெயரின் காரணமாகவே அவசர அவசரமாகப் பெயரை மாற்றிக்கொண்டார்கள் என்பதும் இந்த இடத்தில் ஞாபகத்துக்கு வருகிறது. எமது பிள்ளைகளின் பெயரையும் தாடியையும் வைத்துச் சந்தேகித்த உலகம், தன் பணப்பைக்கே அந்தப் பெயரை வைத்திருந்தது!

அப்பிள் இன்னொரு வகை வீட்டுக்காரர். தன் ஐபோனில் தட்டிப் பணம் செலுத்தும் சிப்பை மற்றவர்களுக்குத் திறக்கவே மாட்டேன் என்று 2014 முதல் பத்து வருடங்கள் நின்றது. ஐரோப்பிய ஆணைக்குழு நடவடிக்கை எடுத்து 2024 ஜூலையில்தான் அதை ஐரோப்பாவில் திறக்க வைத்தது. பாதுகாப்பு என்று சொன்ன காரணத்துக்குள் எவ்வளவு பாதுகாப்பு, எவ்வளவு வியாபாரம் என்று பிரித்துப் பார்ப்பது எளிதல்ல. எமது நாட்டில் வங்கிகள் லங்காபேயில் ஒன்று கூடுகின்றன. 2025 பெப்ரவரியில் கவ்பே வந்துவிட்டது. டயலொக்கும் மொபிடெலும் பணச் சேவை நடத்துகின்றன. இவர்களோடு அரசின் அடையாளமும் ஒரே சிப்பில் வந்து சேரும்போது யார் வீட்டுக்காரர் என்ற இழுபறி இங்கேயும் வரும். அதைத் தீர்க்கும் அதிகாரம் உள்ள ஐரோப்பிய ஆணைக்குழு போன்ற ஒன்று எம்மிடம் இல்லை.

இனி எமக்கு மிக நெருக்கமான ஒரு சம்பவம். 2020 நவம்பரில் மதர்போர்ட் என்ற அமெரிக்கச் செய்தித் தளம் ஒரு விடயத்தை வெளியிட்டது. உலகெங்கும் கோடிக்கணக்கில் இறக்கப்பட்ட, தொழுகை நேரமும் கிப்லாவும் காட்டும் முஸ்லிம் புரோ செயலி, பாவனையாளர்களின் இருப்பிடத் தகவலை எக்ஸ்-மோட் என்ற நிறுவனத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. எக்ஸ்-மோட் அத்தகைய தகவல்களை விற்ற இடங்களில் அமெரிக்க இராணுவத்துக்கு வேலை செய்யும் ஒப்பந்த நிறுவனங்களும் இருந்தன. செய்தி வெளியானதும் முஸ்லிம் புரோ அந்தத் தொடர்பைத் துண்டிப்பதாக அறிவித்தது. அப்போது எமது வட்ஸ்அப் குழுக்களில் பெரும் கொந்தளிப்பு இருந்தது. இரண்டு வாரத்தில் அடங்கியது. எப்படி நடந்தது என்று கேட்டவர்கள் குறைவு.

நடந்தது இதுதான். ஒரு செயலியை ஒரே நிறுவனம் முழுமையாக எழுதுவதில்லை. விளம்பரத்துக்கு ஒருவர் எழுதிய துண்டு, வரைபடத்துக்கு இன்னொருவர் எழுதிய துண்டு, எண்ணிக்கை பார்க்க மற்றொருவர் எழுதிய துண்டு எனக் கோர்த்துத்தான் செயலி உருவாகிறது. எக்ஸ்-மோட் கொடுத்ததும் அப்படியொரு துண்டு. சிப்பும் இயங்குதளமும் சுவர் எழுப்புவது செயலிக்கும் செயலிக்கும் இடையில்தான். ஒரு செயலிக்குள் இருக்கும் துண்டுகளுக்கிடையில் சுவரே கிடையாது. கிப்லாவைக் காட்டுவதற்காக நாம் கொடுத்த இருப்பிட அனுமதி, அந்தக் கணமே உள்ளே இருந்த எல்லாத் துண்டுகளுக்கும் போய்ச் சேர்ந்தது. விருந்தாளிக்குக் கதவைத் திறந்தோம். அவர் தோளில் வந்தவனும் உள்ளே வந்துவிட்டான்.

இந்த ஓட்டையை அடைக்கும் ஆய்வும் நடக்கிறது. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகமும் அமெரிக்காவின் எஸ்ஆர்ஐ நிறுவனமும் 2010 இல் தொடங்கிய செரி என்ற ஆய்வு, ஒரே செயலிக்குள் இருக்கும் துண்டுகளுக்கிடையிலும் சிப்பே சுவர் எழுப்பும்படி செய்கிறது. ஒவ்வொரு துண்டுக்கும் அது தொடக்கூடிய நினைவகப் பகுதிக்கு மட்டும் ஓர் அனுமதிச் சீட்டு. சீட்டை மென்பொருளால் போலியாகச் செய்ய முடியாது, ஏனென்றால் அது உண்மையானதா என்று பார்ப்பது சிப். 2022 ஜனவரியில் ஆர்ம் இதை வைத்து மொரெல்லோ என்ற பரிசோதனைச் சிப்பை வெளியிட்டது. எமது கைபேசிகளுக்கு இன்னும் வரவில்லை. வரும்வரை, ஒரு செயலிக்குக் கொடுக்கும் அனுமதி அதற்குள் இருக்கும் முகம் தெரியாத எல்லோருக்கும் கொடுக்கும் அனுமதி என்றே எண்ணிக்கொள்ள வேண்டும். தொழுகை நேரத்துக்கு ஊரின் பெயரைக் கையால் எழுதிக்கொடுத்தால் போதும். மாத்தளையில் இருக்கும் ஒருவருக்கு கிப்லா எத்திசை என்று செயற்கைக்கோள் சொல்ல வேண்டியதில்லை. பள்ளியின் மிஹ்ராப் சொல்லும்.

சுவர் இருந்தும் கசிந்த கதைகளும் உண்டு. 2018 ஜனவரியில் மெல்டவுன், ஸ்பெக்டர் என்று இரண்டு குறைபாடுகள் அறிவிக்கப்பட்டன. வேகமாக வேலை செய்வதற்காக, அடுத்து என்ன வரும் என்று ஊகித்து முன்கூட்டியே வேலையைத் தொடங்கிவிடும் பழக்கம் இன்றைய சிப்புகளுக்கு உண்டு. ஊகம் பிழைத்தால் வேலையைக் கைவிட்டுவிடும். ஆனால் கைவிட்ட வேலையின் தடயம் சிப்பின் இடைநினைவகத்தில் தங்கிவிடுகிறது. அந்த இடைநினைவகம் எல்லோருக்கும் பொதுவானது. பக்கத்து வாடகைக்காரர் எதையும் உடைக்காமல், எவ்வளவு வேகமாகத் தனக்குப் பதில் வருகிறது என்று அளந்தே அடுத்த அறையில் என்ன நடந்தது என்று கண்டுபிடித்துவிடலாம். நோன்பு மாதத்தில் பக்கத்து வீட்டுச் சுவர் எவ்வளவு உயரமாக இருந்தாலும் அவர்கள் வீட்டில் கஞ்சி காய்ச்சுகிறார்களா, சமோசா பொரிக்கிறார்களா என்று எமக்குத் தெரிந்துவிடுகிறதே, அதுபோல.

எஸ்தோனியாவின் அனுபவம் இன்னும் நேரடியானது. டிஜிட்டல் அடையாளத்தில் உலகுக்கே முன்மாதிரி என்று எமது அமைச்சர்களும் அதிகாரிகளும் சொல்லும் நாடு அது. 2017 இல் செக் நாட்டு ஆய்வாளர்கள், இன்ஃபினியன் நிறுவனத்தின் சிப்புகள் உருவாக்கும் இரகசியச் சாவிகளில் பலவீனம் இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். எஸ்தோனியாவின் சுமார் 7.5 இலட்சம் அடையாள அட்டைகளில் அந்தச் சிப் இருந்தது. நவம்பரில் அவற்றின் டிஜிட்டல் சான்றிதழ்களை அரசு இடைநிறுத்த வேண்டியதாயிற்று. அந்தச் சிப்புக்குச் சர்வதேசப் பாதுகாப்புச் சான்றிதழ் இருந்தது என்பது கவனிக்க வேண்டியது. ஆனால் எஸ்தோனிய அரசு மக்களுக்குச் சொன்னது, திருத்தியது. எங்கே பிழை என்று தெரிந்ததும் வெளியில் சொல்லும் பழக்கம் அவர்களிடம் இருந்தது.

சிம்மிலும் இதே கதை. 2019 செப்டெம்பரில் வெளியான சிம்ஜக்கர் விவகாரத்தில், தொலைபேசி நிறுவனங்கள் பல வருடங்களுக்கு முன் சிம்முக்குள் வைத்துவிட்டு மறந்துபோன ஒரு பழைய மென்பொருளே வாசலாக அமைந்தது. ஒரு விசேட குறுஞ்செய்தி வந்தால் போதும். சிம் தானாகவே கைபேசி இருக்கும் இடத்தைச் சொல்லிவிடும். பாவனையாளருக்கு எதுவும் தெரியாது. காலியாகப் போன வாடகைக்காரரின் அறையை எவரும் பூட்டவில்லை.

இலங்கைக்கு வருவோம். 2023 ஓகஸ்ட் இறுதியில் லங்கா அரச முகிலில் கப்பம் கோரும் மென்பொருள் புகுந்தது. அமைச்சரவை அலுவலகம் உட்பட அரச மின்னஞ்சலைப் பயன்படுத்திய சுமார் 5,000 முகவரிகள் பாதிக்கப்பட்டன. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் அழிந்தன. அந்தக் காலத்துக்கு வெளியே தனியாக வைக்கப்பட்ட பிரதி இருக்கவில்லை. காலாவதியான மென்பொருளில் ஓடிக்கொண்டிருந்தது என்பதும் வெளிவந்தது. அதற்கு இரண்டு வருடங்களுக்கு முன், 2021 இல், தேசிய ஒளடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகார சபையின் தரவுகள் அதே முகிலில் இருந்து அழிந்துபோனது பெரும் சர்ச்சையானது. இரண்டு முறையும் இடம் ஒருவருடையது, மென்பொருள் இன்னொருவருடையது, தகவல் மூன்றாமவருடையது. பொறுப்பு யாருடையது என்று கேட்டபோது விரல்கள் ஒன்றையொன்று நோக்கி நீண்டன. சிப்பில் எழுத வேண்டிய ஒப்பந்தத்தை நாம் முகிலிலேயே எழுதவில்லை.

சட்டப் பாதுகாப்பாவது இருக்கிறதா? 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. அதன் முக்கிய பகுதிகள் 2025 மார்ச் 18 இல் நடைமுறைக்கு வருவதாக இருந்து, பின்தள்ளப்பட்டன. அடையாளத் திட்டமோ அவசரமாக முன்னே போகிறது. பூட்டு வருமுன் பெட்டியைச் சந்தைக்குக் கொண்டுவருவது என்ன முறை?

இந்த இடத்தில் சிலர் சொல்வது எமக்குத் தெரியும். "பிழை செய்யாதவனுக்கு என்ன பயம்? அரசாங்கத்திடம் மறைக்க எம்மிடம் என்ன இருக்கிறது?" நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் அரசாங்கம் என்பது ஒரு ஆள் அல்ல. வைத்தியசாலை வேறு, பொலிஸ் வேறு, வங்கிகளைக் கண்காணிக்கும் பிரிவு வேறு, பாடசாலை வேறு. வைத்தியரிடம் சொன்னது பொலிஸுக்கும், வங்கியில் இருப்பது பிரதேச செயலகத்துக்கும் தெரியக்கூடாது என்பதற்கு நாம் குற்றவாளியாக இருக்க வேண்டியதில்லை. 2019 ஏப்ரலுக்குப் பிறகு நடந்தவற்றை நினைத்துப் பாருங்கள். எமது அயல் மாவட்டமான கண்டியின் ஹசலக்கவில், கப்பலின் சுக்கான் படம் போட்ட ஆடை அணிந்த ஒரு பெண், அது தர்மச்சக்கரம் என்று கருதப்பட்டு இரண்டு வாரங்களுக்கு மேல் சிறையில் இருந்தார். அந்த ஆடை அவருக்கு ஆடை மட்டும்தான். பார்த்தவருக்கு அது ஆதாரம். 2020 இல் கொவிட் ஜனாஸாக்களை எரித்தது சுகாதாரத் துறையின் தீர்மானம். 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்டது. 2012 ஏப்ரலில் தம்புள்ளைப் பள்ளிவாசலின் முன் கூட்டம் திரண்டதை எமது மாவட்டத்தில் எவரும் மறந்திருக்க மாட்டார்கள். இன்றைய ஜனாதிபதியும் அதிகாரியும் நல்லவர்களாக இருக்கலாம். சிப் அவர்களைவிட நீண்ட காலம் வாழும்.

ஆகவே ஒருவரை ஒருவர் நம்பாத வழங்குநர்கள் என்று பொறியியலாளர்கள் சொல்லும் பட்டியலில் அரச திணைக்களங்களையும் சேர்க்க வேண்டும். ஒவ்வொரு திணைக்களமும் தன் அறைக்கு மட்டும் சாவி வைத்திருக்கட்டும். மலேசியாவின் மைகாட் 2001 இல் வந்தபோது அடையாளம், சாரதி அனுமதி, கடவுச்சீட்டுத் தகவல், சுகாதாரக் குறிப்பு, இலத்திரனியல் பணப்பை எல்லாம் ஒரே அட்டையில் என்பதே அதன் பெருமை. அங்கே முஸ்லிம்களின் அட்டையில் மதம் வெளியில் அச்சாகிறது. மற்றவர்களின் மதம் சிப்புக்குள் மட்டும் இருக்கிறது. அது முஸ்லிம் பெரும்பான்மை நாடு, அங்கே அதற்குச் சட்டக் காரணம் உண்டு. இங்கே நாம் சிறுபான்மை. எமது அடையாள அட்டையில் இன்று மதம் இல்லை; பிறப்புச் சான்றிதழில் இனம் இருக்கிறது. இரண்டும் ஒரு சிப்பில் சேர்ந்தால், மருந்து வாங்கப்போன இடத்தில் இனத்தையும் வாசிக்க முடியுமா? "இவர் 18 வயதுக்கு மேற்பட்டவர்" என்று மட்டும் பதில் சொல்லி, பிறந்த திகதியையோ பெயரையோ கொடுக்காமல் விடும் தொழில்நுட்பம் இன்று இருக்கிறது. அதைக் கேட்டு வாங்குவதா, விடுவதா என்பதுதான் கேள்வி.

இந்தியாவின் அனுபவமும் இதையே சொல்கிறது. அங்கே ஆதாரை உயர் நீதிமன்றம் 2018 செப்டெம்பர் 26 இல் மொத்தமாக இரத்துச் செய்யவில்லை. ஆனால் தனியார் நிறுவனங்கள் அதைக் கேட்டு வாங்க வழிவிட்ட பகுதியைத் தடுத்தது. அதற்குள் தொலைபேசி நிறுவனங்களும் வங்கிகளும் பல வருடங்களாக அதைக் கேட்டுப் பழகிவிட்டிருந்தன. எமக்கு உதவி தரும் நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றம் போட்ட கோட்டை, உதவியோடு சேர்த்து நாமும் பெற்றுக்கொள்வதில் கொழும்புக்கு என்ன தயக்கம்?

எமது பக்கத்திலும் ஒரு குறை உண்டு. சிப் என்றவுடன் தஜ்ஜால், நெற்றியில் முத்திரை, ஊசிக்குள் சிப் என்று குரல்பதிவுகள் பறக்கின்றன. கொவிட் தடுப்பூசிக் காலத்தில் அவற்றின் விலையை நாம் பார்த்தோம். இத்தகைய பேச்சு செய்யும் பெரிய தீங்கு என்னவென்றால், உண்மையான கேள்வியோடு போகிறவரையும் அதிகாரிகள் அதே வரிசையில் நிறுத்திவிடுகிறார்கள். உலமாக்களும் பள்ளி நிர்வாக சபைகளும் இதில் தெளிவாக இருக்க வேண்டும். ஸாஹிராவிலும் ஆமினாவிலும் தகவல் தொழில்நுட்பம் படித்து வெளியேறிய எத்தனையோ பிள்ளைகள் இன்று கொழும்பிலும் டோஹாவிலும் இதே துறையில் வேலை செய்கிறார்கள். ஒரு ஜும்ஆவுக்குப் பிறகு அரை மணி நேரம் அவர்களில் ஒருவரைப் பேச வைக்கலாமே.

இன்னொன்று, எமது மாவட்டத்துக்கே உரியது. இங்கு பலரின் கையில் இருப்பது சவூதியிலிருந்தோ கட்டாரிலிருந்தோ உறவினர் கொண்டுவந்து கொடுத்த, மூன்று நான்கு வருடம் பழைய கைபேசி. அதற்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வருவது நின்றிருக்கும். சிப்பின் உள்ளறைச் சுவரில் விரிசல் கண்டுபிடிக்கப்பட்டாலும் அதைப் பூச எவரும் வரமாட்டார்கள். டிஜிட்டல் அடையாளம் கைபேசியில் மட்டுமே என்றானால், கொழும்பில் புதிய ஐபோன் வைத்திருப்பவருக்கு ஒரு பாதுகாப்பும், இரத்தோட்டைத் தோட்டப் பகுதியில் பழைய கைபேசி வைத்திருக்கும் ஏழைக்கு வேறு பாதுகாப்பும் கிடைக்கும். கைபேசி இல்லாத உம்மாமாருக்கு அட்டை தொடர வேண்டும் என்பதையும் இதோடு சேர்த்தே கேட்க வேண்டும். விரல் தேய்ந்த தோட்டத் தொழிலாளிக்குக் கைரேகை விழாவிட்டால் மாற்று வழி என்ன என்பதையும், பெண்களைப் பதிவு செய்யும் இடத்தில் பெண் அலுவலரும் மறைப்பும் இருக்குமா என்பதையும் கேட்க வேண்டும்.

கேட்பது எங்கே, எதை? சிப்பின் பிரதான சாவியை வைத்திருப்பது ஆட்பதிவுத் திணைக்களமா, ஒப்பந்தக்காரரா, சிப்பைச் செய்த நிறுவனமா? வங்கியோ தொலைபேசி நிறுவனமோ அதே சிப்பில் இடம் கேட்டால் அனுமதிப்பது யார், எந்த விதிப்படி? ஒப்பந்தக்காரர் மாறினால் சாவிகள் மாற்றப்படுமா? எஸ்தோனியாவில் போல ஒரு பலவீனம் தெரியவந்தால் எத்தனை நாளில் மக்களுக்குச் சொல்லப்படும், எந்த மொழியில்? யார் எப்போது என் தகவலை வாசித்தார் என்ற பதிவை நானே பார்க்க முடியுமா? இந்தக் கடைசிக் கேள்விக்கு எஸ்தோனியாவில் பதில், ஆம். அங்கே குடிமகன் இணையத்தில் நுழைந்து தன் தகவலைத் திறந்து பார்த்த நிறுவனங்களின் பதிவைப் பார்க்கலாம்.

இவற்றைக் கேட்க அமைச்சரைச் சந்திக்கவோ ஊர்வலம் போகவோ தேவையில்லை. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் எம் கையில் இருக்கிறது. ஆட்பதிவுத் திணைக்களத்திலும் டிஜிட்டல் பொருளாதார அமைச்சிலும் தகவல் அலுவலர் ஒருவர் இருக்கிறார். தமிழில் எழுதிய ஒரு பக்கக் கடிதம் போதும். 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று அவர் தீர்மானித்தாக வேண்டும். மாத்தளையின் பள்ளிவாசல்கள் சேர்ந்து ஒரு கடிதமாக அனுப்பினால் இன்னும் நல்லது. கேள்விப்பத்திரங்களும் ஒப்பந்தங்களும் கைச்சாத்தாகி முடிந்த பிறகு அதே கடிதத்தை அனுப்பினால் பதில் வரும், ஆனால் சாவியை மாற்றுவதற்கு அப்போது யாரிடமும் அனுமதி இருக்காது.